கூட நிற்கிறதுக்கு ஒரு கூலி

போன சனிக்கிழமை மாடிப்படியில் வைத்துத் தம்பியின் தோளைத் தட்டி, "இந்த வருஷம் உனக்குத்தான்டா" என்று சொன்னபோது பெரியக்காவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தது, மனசும் நல்லபடியாக இருந்தது, சொல்லிவிட்டாள். இந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சமையலறை மேசையில் தாளைப் பரப்பி உட்கார்ந்தபோதும் அந்த வாக்கு அவளை உறுத்தவில்லை. தாளில் எல்லாம் அடங்கித்தான் இருந்தது.

அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சலவை ஆலை. அம்மா ஆரம்பித்தது. அம்மா போய் நாலு வருடமாகிறது. இப்போது அக்கா பேரிலும் தம்பி பேரிலும் இருக்கிறது. எதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். பெரிய மருத்துவமனையின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைத் துணி என்று நாள் ஒன்றுக்கு நாலு வேன் அழுக்கு உள்ளே வந்து, நாலு வேன் வெள்ளை வெளியே போகும்.

பத்து நாளைக்கு முன்னால் அந்த மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. துணியைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் முறையான பயிற்சி இருக்க வேண்டும். அதற்கு ஒரு வருடத் திட்டமும் பட்ஜெட்டும் எழுதித் திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த ஒப்பந்தத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம். கடிதத்தில் இதைவிட மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். படித்தவர்கள் காதில் இப்படித்தான் விழுந்தது.

அந்த ஆலையில் பயிற்சி என்று ஒரு வரி கணக்குப் புத்தகத்தில் வருடாவருடம் இருக்கத்தான் செய்தது. பம்பு கெட்டால் அந்த வரியிலிருந்து எடுப்பார்கள். பெல்ட் அறுந்தால் அதிலிருந்து எடுப்பார்கள். வருடம் முடியும்போது பார்த்தால் பம்புதான் நன்றாகப் பயிற்சி பெற்றிருக்கும்.

இந்த முறை அப்படி ஆகக் கூடாது என்று பெரியக்கா ஆறு லட்சத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டாள். அதற்கு மேல் ஒரு காசு தேறாது. பதினெட்டுப் பேருக்கு வெளி நிறுவனத்தில் இரண்டு நாள் வகுப்பு, நோய்க் கிருமி ஒட்டிய துணியை எப்படிக் கையாள்வது என்று: ஒரு லட்சத்து எண்பதாயிரம். தீயணைப்பும் முதலுதவியும்: அறுபதாயிரம். நோட்டு, டீ, சில்லறைச் செலவு: நாற்பதாயிரம். மிச்சம் மூன்று லட்சத்து இருபதாயிரமும் தம்பிக்கு. மாடிப்படியில் வாக்குக் கொடுத்தது இதைத்தான்: வெளியூரில் நாலு மாதப் படிப்பு. ஆலை மேலாளர் சான்றிதழ்.

வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே அவள் புருஷன் வந்து டீயை வைத்தார். ஆலையின் வேனை ஓட்டுகிறவர் அவர்தான்.

"என்ன, தாளையே முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்க. குட்டி போடுமா அது?"

"அடங்கிடுச்சுங்க. சரியா ஆறு லட்சம். ஒரு ரூபா கூடல, ஒரு ரூபா குறையல."

"அவ்வளவு சரியா அடங்குனா நான் நம்ப மாட்டேன். இந்தச் சட்டையும் வாங்குன அன்னைக்குச் சரியாத்தான் இருந்துச்சு." வயிற்றுக்கு மேல் இழுத்துக் காட்டினார். "உன் தம்பி பெட்டி வாங்கிட்டான், தெரியுமா? சக்கரம் வச்சது. நேத்து வேன்லதான் ஏத்திட்டு வந்தோம். மடியில வச்சுக்கிட்டே வந்தான்."

"போய்ட்டு வரட்டுங்க. அவனுக்கும் ஆசை இருக்காதா?"

"நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? பெட்டி நல்ல பெட்டின்னு சொல்ல வந்தேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீஸில் அக்காவும் தம்பியும் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. தம்பியின் படிப்புக்குப் பணம் கட்டக் கடைசி நாளும் அன்றைக்குத்தான். அதற்குள் பதினெட்டுப் பேரிடமும் பெயர்ப் பட்டியலில் கையெழுத்து வாங்க வேண்டும். அது அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் பெரியக்கா ஆலைக்குப் போனாள்.

இஸ்திரிக் கூடத்தில் காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிடும். ஆள் நீளத்துக்குப் படுத்த இரும்பு உருளைகள், நாலு மெஷின். உள்ளே நீராவி. முன்னால் இரண்டு பேர் ஈர விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஓரம் கோணாமல் உருளைக்குள் விட வேண்டும். பின்னால் இரண்டு பேர் சுடச் சுட வாங்கி மடிக்க வேண்டும். ஈர விரிப்பு கை நழுவினால் பிழிந்த கயிறு மாதிரி சுருண்டுகொள்ளும். அங்கே ஐந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்த யாருடைய முன்கையைத் திருப்பிப் பார்த்தாலும் இரண்டு மூன்று பழுப்புக் கோடு இருக்கும். பெரியக்காவின் கையிலும் இருந்தது.

ஒன்று, இரண்டு, நாலு என்று மூன்று மெஷினிலும் கையெழுத்துக் கிடைத்தது. மூன்றாம் நம்பரில்தான் சிக்கல்.

அங்கே முன்பக்கம் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி இருபத்தைந்து வருடமாக அதே உருளையில் நிற்பவள். ஆலையில் அவளுக்கு மூணாம் நம்பரக்கா என்றுதான் பெயர். சம்பளச் சீட்டிலாவது சொந்தப் பெயர் இருக்கிறதா என்று அவளே கேட்டுச் சிரிப்பாள். வயது ஐம்பது. பெரியக்காவைவிட நாலு வயது மூத்தவள், இருந்தாலும் "பெரியக்கா" என்றுதான் கூப்பிடுவாள். பெரியக்காவும் அவளை அக்கா என்பாள். இரண்டு அக்காக்களுக்கும் அது பழகிவிட்டது.

இன்னொருத்தி ஒன்பது நாள் முன்னால் சேர்ந்தவள். ரொட்டிக் கடையில் எட்டு வருடம் நின்றுவிட்டு வந்தவள், இரண்டு பிள்ளைக்காரி. அவள் பெயர் புதுசு. அடுத்த ஆள் வந்து சேரும்வரை அந்த ஆலையில் யாராக இருந்தாலும் புதுசுதான். அதன்பிறகுதான் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கும்.

புதுசு விரிப்பின் முனையைத் தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்த முனையைப் பிடித்து நீட்டும்போது அந்தப் பக்கம் மூணாம் நம்பரக்கா ஏற்கெனவே விட்டுவிட்டாள். விரிப்பு கோணலாக உள்ளே போய்ச் சுருக்கத்தோடு வெளியே வந்தது. பின்னால் நின்றவள் பேசாமல் அதைத் திரும்பு கூடையில் எறிந்தாள். மறுபடி நனைத்து, மறுபடி வரவேண்டிய துணி. கூடை பாதி நிறைந்திருந்தது.

பெரியக்கா அஞ்சாறு விரிப்பு வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா, முனையை எப்படித் தேடுறதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கக் கூடாதா?"

"சொல்லிக் குடுக்கலாமே."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என் எண்ணிக்கையை யாரு போடுறது?" மூணாம் நம்பரக்கா நிறுத்தாமல் அடுத்த விரிப்பை எடுத்தாள். "இந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நல்ல பொண்ணு. மத்தியானம் ரொட்டி குடுக்குது."

புதுசு தலையைக் குனிந்துகொண்டாள்.

எண்ணிக்கை என்றால் என்ன என்று பெரியக்காவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா காலத்து ஏற்பாடு அது. முன்னால் நிற்கிற ஜோடிக்கு ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு. அதற்கு மேல் போகிற ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. நல்ல ஜோடி எண்ணூறு போடும். அந்த மேல்காசில்தான் பலர் வீட்டில் வாடகை நடக்கிறது.

"நேத்து நாங்க எவ்வளவு போட்டோம்னு கேளுங்க."

"எவ்வளவு?"

"நானூத்திச் சொச்சம். புதுசு வந்து ஒன்பது நாளாச்சு, ஒன்பது நாளா எனக்கு மேல்காசு கிடையாது. இன்னும் ஆறு நாள் ஆகும் இவ கை படியறதுக்கு. நான் நின்னு சொல்லிக் குடுத்தா நானூறும் போகாது, கூடத்துல எல்லாரும் என்னையே பார்ப்பாங்க. அதான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன். பார்த்துப் பழகட்டும். அதுவும் ஒரு படிப்புத்தான்."

"வேற யாராவது நிக்கலாமே."

"கேட்டுப் பாருங்க. ஒண்ணாம் நம்பர்ல கேளுங்க. நேத்துல இருந்து அவளுக்கு இடுப்பு வலி. ரெண்டாம் நம்பர்க்காரிக்குக் காது கேக்காது, இந்தப் பேச்சு வந்தா மட்டும்." பின்னால் மடித்துக்கொண்டிருந்த இருவரும் சிரித்தார்கள். "உங்க அம்மா ஒரு தடவை, 'புதுசா யாராவது வந்தா நீ பார்த்துக்கம்மா'ன்னு சொன்னாங்க. சொல்லிட்டு அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

பெரியக்கா கையில் இருந்த தாளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். மூணாம் நம்பரக்காவின் கண் அதில் விழுந்தது.

"அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போற காகிதமா? இங்க என்னமோ கட்டம் போட்டிருக்கே."

"ஆலைக்குள்ள பயிற்சி குடுக்கிறவர் யாருன்னு கேட்டிருக்காங்க."

"யாரு பேரு போட்டிருக்கு?"

பெரியக்கா கட்டத்தை விரலால் மறைத்தாள். அந்தக் கட்டத்தில் தன் பெயரைத்தான் எழுதியிருந்தாள். எழுதும்போது யோசிக்கக்கூட இல்லை. ஆலை அவளுடையது, பேனா அவள் கையில் இருந்தது, எழுதிவிட்டாள்.

மூணாம் நம்பரக்காவுக்கு அந்த விரலே போதுமாக இருந்தது. கோபப்படவில்லை. விரிப்பின் ஓரத்தைத் தட்டி நேராக்கி உருளைக்குள் விட்டாள்.

"நீங்க இந்தக் கூடத்துக்கு வந்தப்ப உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அம்மா."

"ஆமா. பதினஞ்சு நாள் உங்க பக்கத்துலயே நின்னாங்க. நல்லாச் சொல்லிக் குடுத்தாங்க, நான் பார்த்தேன். அப்ப அவங்க நின்னுக்கிட்டிருந்த மெஷின்ல யாரு நின்னா?"

பெரியக்காவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. தன் கை மேல் அம்மாவின் கை. சூடு. 'முனையைத் தேடாத, ஓரத்தைப் பிடிச்சு விரலை ஓட விடு, முனை தானா வரும்' என்கிற குரல். அதைத் தாண்டி ஒன்றும் ஞாபகம் இல்லை. பக்கத்து மெஷினில் யாரோ ஒரு ஒல்லிப் பெண், தலை நிமிராமல், இங்கிருந்து அங்கே ஓடி இரண்டு முனையையும் ஒரே ஆளாகப் பிடித்துக்கொண்டிருந்தாளா?

"நீங்களா?"

"சரக்கு மூணு மணிக்குப் போகணுமே. நின்னேன். யாரும் எழுதி வைக்கல. கேக்கணும்னு எனக்கும் அப்ப தோணல. வயசு அப்படி." பிறகு புதுசைப் பார்த்து, "ஏம்மா, கையெழுத்துப் போடு. பெரியக்கா நிக்கிறாங்க பாரு" என்றாள்.

ஆபீஸுக்கு வந்து பெரியக்கா தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வரக்கூடிய தப்புத்தான் அது. அவளும் தம்பியும் எல்லா வேலையையும் வீட்டு ஆளிடம் கற்றவர்கள். சோறு போட்ட கையேதான் தொழிலும் சொல்லிக் கொடுத்தது. அந்த நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்பது அவர்கள் மூளையில் ஏறவே இல்லை. வெளி நிறுவனம் ரசீது கொடுக்கும், அதனால் அது செலவு. மூணாம் நம்பரக்கா ரசீது கொடுக்க மாட்டாள், அதனால் அது செலவில்லை. இவ்வளவு நாளும் ஆலையின் பயிற்சிப் பணம் கணக்குப் புத்தகத்திலிருந்து போகவில்லை. இஸ்திரிக் கூடத்தில் நின்றவளுடைய வாடகைப் பணத்திலிருந்து போயிருக்கிறது.

எழுத ஆரம்பித்தாள். வருடத்துக்கு ஒன்பது பேராவது புதிதாக வருகிறார்கள். ஆளுக்குப் பதினைந்து நாள். சொல்லிக் கொடுக்கிறவள் ஒரு நாளில் இழக்கிற மேல்காசு அறுநூறு, சொல்லிக் கொடுத்ததற்குப் படி இன்னொரு அறுநூறு. ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் வந்தது. அதோடு முடியவில்லை. பதினெட்டுப் பேர் இரண்டு நாள் வெளி வகுப்புக்குப் போனால் உருளையில் யார் நிற்பது? மாற்று ஆள் கூலி ஐம்பத்துநாலாயிரம். மொத்தம் இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம்.

மேலே இருந்து கீழே நாலு தடவை பார்த்தாள். தீயணைப்பில் கை வைக்க முடியாது, சட்டம். வெளி வகுப்பில் கை வைக்க முடியாது, மருத்துவமனை. சில்லறையில் கை வைத்தால் சில்லறைதான் கிடைக்கும். தம்பியின் வரி மட்டும் கொழுகொழுவென்று நடுவில் உட்கார்ந்திருந்தது.

இதைப் போனில் சொல்லக் கூடாது என்று பாய்லர் அறைக்கே போனாள்.

தம்பிக்கு முப்பத்தாறு வயது. அந்த அறையில்தான் பாதி ஆயுள். மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான், பார்த்துக்கொண்டே பேசுவான். அன்றைக்குத் தலை வாரி, சவரம் செய்திருந்தான். பணம் கட்டப் போக வேண்டும் அல்லவா.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. தாளைக் காட்டிச் சொன்னாள். அவன் முழுவதும் கேட்டான்.

"அப்ப என் மூணு இருபதுல கை வைக்கப் போற."

"வைக்கணும்டா. வச்சா உனக்கு ஒரு லட்சத்து நாலாயிரந்தான் மிச்சம்."

"அதை வச்சு நான் அந்த ஊருக்குப் போய் வாசல்ல நின்னுட்டு வரலாம்."

"நான் சொன்னது தப்பு. யோசிக்காமச் சொல்லிட்டேன்."

"மாடிப்படியில சொன்ன. நான் கேக்கவே இல்ல, நீயா சொன்ன. என் பொண்டாட்டி அவ அண்ணன்கிட்ட சொல்லிட்டா. அவன் ஊர் பூராச் சொல்லிட்டான். பெட்டி வேற வாங்கி வச்சிருக்கேன்." அவன் குரல் ஏறவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "ஆஸ்பத்திரி பெருசு, சட்டம் பெருசு, மூணாம் நம்பரக்கா பெருசு. நான் யாரு?"

"நீ என் தம்பி."

"அதான் பிரச்சினை. இருபது வருஷமா அதுதான் என் உத்தியோகம். வெளியில போனா எவன் கேட்டாலும் 'அந்த லாண்டரியம்மா தம்பி'ன்னுதான் சொல்றான். ஒரு காகிதத்துலயாவது என் பேருக்குப் பின்னால வேற எதாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

சமாதானம் சொன்னால் அது இன்னொரு வாக்காகிவிடும் என்று பயந்தாள்.

"மூணாம் நம்பரக்கா சொன்னது பொய்யா?" என்று மட்டும் கேட்டாள்.

தம்பி தண்ணீர் மட்டக் கண்ணாடியைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

"பொய்யில்ல. ஆனா அதுக்காக நான் சந்தோஷமாக் கையெழுத்துப் போடணுமா? நாலு மணிக்கு வர்றேன். போடுவேன்னு நெனச்சுக்காத."

நாலு மணிக்கு ஆபீஸில் பெரியக்கா மேசைக்குப் பின்னால் இருந்தாள். அவள் புருஷன் ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தச் சண்டையில் தனக்குப் பங்கில்லை என்று காட்டப் பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தைப் பத்து நிமிடமாகப் படித்தார்.

தம்பி வந்தான். கையில் பாய்லர் குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு தாள், எண்ணெய் விரல் ரேகையோடு. உட்காரவில்லை.

"உன் கணக்கு தப்புன்னு காட்டத்தான் உக்காந்தேன்," என்றான்.

"தப்பா?"

"தப்புத்தான். நீ நெனக்கிற மாதிரி இல்ல." தாளை மேசையில் வைத்தான். "நாலு மாசம் நான் இல்லைன்னா பாய்லரை யாரு பார்க்கிறது? லைசென்ஸ் இல்லாத ஆள் அதைத் தொடக் கூடாது. மத்தியானம் ஆள் அனுப்புற ஏஜென்சிக்குப் போன் போட்டேன். மாசம் நாற்பத்தஞ்சாயிரம் கேக்கிறான். நாலு மாசத்துக்கு ஒண்ணு எண்பது. என் படிப்பு மூணு இருபது இல்ல, அஞ்சு லட்சம். நீயும் எழுதல, எனக்கும் தோணல. பெட்டி வாங்கத் தோணுச்சு."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது.

"மாமா, சிரிக்கிறதுன்னா வெளிப்படையாச் சிரிங்க."

"நான் எங்கடா சிரிச்சேன்? தொண்டை."

பெரியக்கா அந்தத் தாளைப் படித்தாள். மூன்று இடத்தில் அடித்துத் திருத்தி எழுதியிருந்தான். கோபத்தில் ஆரம்பித்த எழுத்து, கீழே போகப் போகப் பொடியாகி நிதானமாகியிருந்தது.

"இப்ப என்ன செய்யலாங்கிற?"

"நான் போகணும்னா முதல்ல இங்க இன்னொரு லைசென்ஸ் ஆள் வேணும். என்கிட்ட வேலை பார்க்கிறவன் பதினோரு வருஷமா இருக்கான். அவனைப் பரீட்சைக்கு அனுப்பு. எழுபதாயிரம் ஆகும், விசாரிச்சுட்டேன். எனக்கு மிச்சம்னு சொன்னியே, அந்த ஒரு லட்சத்து நாலாயிரத்துல இருந்து எடு. இந்த வருஷம் அவன், அடுத்த வருஷம் நான்."

"சரி."

"இரு, முடிக்கல. அவனுக்குப் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கப் போறது யாரு? நான். எனக்கும் அந்தப் படி வேணும்."

"முதலாளிக்குப் படியாடா?"

"நீதானே எழுதியிருக்க, சொல்லிக் குடுக்கிறவங்களுக்குன்னு. முதலாளின்னா கிடையாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

"உனக்கு டீ வாங்கித் தர்றேன். தினமும்."

"ரெண்டு டீ." அவன் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் இளக்கம் தெரிந்தது. ஆனால் பேனாவை எடுக்கவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. வாய் வார்த்தை வேண்டாம். மாடிப்படிக் கணக்கு எனக்கு ஒத்து வராது. அடுத்த வருஷத்துப் பட்ஜெட்டை இப்பவே ஆரம்பி. முதல் வரியில என் பேர், என் படிப்பு, மொத்தப் பணம், பாய்லர் செலவெல்லாம் சேர்த்து. உன் கையெழுத்து."

"அடுத்த வருஷத்துக்கு இன்னும் பத்து மாசம் இருக்குடா."

"அதுக்குள்ள பம்பு கெட்டுடும். எனக்குத் தெரியாதா நம்ம பம்பை?"

பெரியக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். அடுத்த வருடத்தை மேலே எழுதி அடிக்கோடிட்டாள். முதல் வரியில் தம்பியின் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு சேர்த்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தம்பி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மாமாவிடம் நீட்டினான்.

"சாட்சி போடுங்க."

"எனக்கு எதுக்குடா இந்த வம்பு?"

"போடுங்க மாமா. அவ உங்க பேச்சையாவது கேப்பா."

"இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் அப்படி நம்புற," என்று சொல்லிக்கொண்டே அவர் போட்டார்.

அதன்பிறகுதான் தம்பி இந்த வருடத்துத் தாளில் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்து அவளுடைய ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான். சின்ன வயதில் அவள் தட்டிலிருந்து எடுத்துத் தின்பானே, அதே மாதிரி, கேட்காமல். பெரியக்கா அடுத்த வருடத் தாளை மடித்துத் தோள்பையில் வைத்தாள்.

"பெட்டியை என்னடா பண்ணப் போற?"

"பத்து மாசம் கட்டிலுக்கு அடியில கிடக்கட்டும். சக்கரம் ஒண்ணும் அழுகிடாது."

ஷிப்டு முடிய கால் மணி நேரம் இருக்கும்போது பெரியக்கா தாளோடு மறுபடி இஸ்திரிக் கூடத்துக்குப் போனாள். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. மறைக்க முயற்சி செய்தாள், முடியவில்லை.

உருளைகள் நின்று ஆறிக்கொண்டிருந்தன. மூணாம் நம்பரக்கா கவிழ்த்த கூடை ஒன்றின் மேல் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். புதுசு பக்கத்தில் நின்று, ஒரு காய்ந்த விரிப்பின் ஓரத்தில் விரலை ஓட்டி ஓட்டி முனையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்.

பெரியக்கா எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். புதிதாக யார் வந்தாலும் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் எண்ணிக்கை கிடையாது. வழக்கமான மேல்காசு அப்படியே வரும். அதற்கு மேல் சொல்லிக் கொடுக்கிற படி. இப்போது நிற்கிற புதுசுக்கும் முதல் நாளிலிருந்தே கணக்கு. பிறகு கட்டத்தைக் காட்டினாள். தன் பெயரை ஒரே கோட்டில் அடித்திருந்தாள். பக்கத்தில் மூணாம் நம்பரக்காவின் சொந்தப் பெயர், சம்பளச் சீட்டில் உள்ளபடி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"இதுல நீங்க போட்டாத்தான்க்கா ஆஸ்பத்திரி ஒத்துக்கும்."

மூணாம் நம்பரக்கா கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. ரெண்டாம் நம்பர்க்காரிக்கு இனிமே காது நல்லாக் கேக்கும்."

"போடுங்கக்கா."

பேனாவை வாங்கினாள். தாளை முழங்காலில் வைத்தாள். நிப்பைக் கட்டத்துக்கு மேல் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"இனிமேலுக்குச் சரி பெரியக்கா. இதுவரைக்கும்?"

"என்னக்கா?"

"நான் சொல்லிக் குடுத்தது முப்பத்தொரு பேர். உங்களைச் சேர்க்காம. உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது உங்க அம்மா, நான் அந்த மெஷின்ல நின்னதோட சரி, அதை விட்டுடுறேன்." குரலில் சண்டை இல்லை. கடையில் விலை கேட்கிற மாதிரி இருந்தது. "உங்க காகிதத்துல இப்ப விலை போட்டுட்டீங்க. பதினஞ்சு நாளுக்கு இவ்வளவுன்னு. முன்னாடி யாரும் போடல, அதனால நானும் கேக்கல. இப்ப போட்டுட்டீங்களே."

பெரியக்காவின் மூளை அவளைக் கேட்காமலே பெருக்கியது. நானூற்று அறுபத்தைந்து நாள். ஐந்து லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம்.

"உடனே குடுங்கன்னு கேக்கல. ஒரு வழி சொல்லுங்கன்னுதான் கேக்குறேன்." மூணாம் நம்பரக்கா பேனாவை மூடி, தாளை இரண்டாக மடித்து, இரண்டையும் பெரியக்காவின் கையில் வைத்தாள். மடிப்பு கத்தி முனை மாதிரி நேராக இருந்தது. "திங்கட்கிழமைதானே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்? காலையில வர்றேன். பேசிட்டுப் போடுறேன். நான் எங்க ஓடிடப் போறேன்."

சங்கு ஊதியது. அவள் எழுந்து, புதுசின் தோளில் கை போட்டுக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்து போனாள்.

பெரியக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, பாதியில் நின்றும் போனது. தோள்பையில் இன்னொரு தாள் இருந்தது. அடுத்த வருடத்துடையது. அதன் முதல் வரியை அரை மணி நேரம் முன்னால்தான், சாட்சியோடு, தம்பிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

வெளியே வேனின் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. முன் சீட்டில் தம்பி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"போட்டுட்டாங்களா?" என்று கேட்டான், நல்ல சந்தோஷத்தோடு.